இரட்டித்த காந்தள்

என் தோட்டத்துச் செங்காந்தள் கொடி ஒன்று, தன் கிழங்குச் சாற்றைத் தானே குடித்து, ஒரே ராத்திரியில் தன் குரோமோசோம்களை இரண்டு மடங்காக்கிக்கொண்டது.

"தாவரவியல் வாத்தியார் வேலைக்குத்தான் ரிட்டையர்மெண்டு, புளுகுக்கு இல்லீங்களா?" என்றாள் என் மனைவி தெய்வானை.

நம்பாவிட்டால் போகட்டும். ஆய்வகத்தில் குரோமோசோமை இரட்டிக்க இந்தக் கிழங்கின் நஞ்சைத்தானே பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொரு பூவும் சோற்றுத் தட்டு அளவு. வெயிலுக்கு நாய் அதன் நிழலில்தான் படுத்தது. ஆனால் புது இனமாகிவிட்டதே, பக்கத்துக் கொடிகள் இனி அதற்கு உறவில்லை. விதைக்காகக் காந்தள் வளர்க்கும் எங்கள் பக்கத்து வழக்கப்படி தெய்வானை காலையில் பூவுக்குப் பூ மகரந்தம் தொட்டு வைப்பாள். மற்றவை காய்த்தன, இதில் மட்டும் பிஞ்சு கருகி உதிர்ந்தது. அதன் மகரந்தத்தையே அதற்கு வைத்தும் பார்த்தாள். பிடிக்கவில்லை. தன்னைப் போலவே இரட்டித்த இன்னொரு கொடியின் மகரந்தம் வந்தால்தான் உண்டு. மகரந்தம் வாங்கும் சூல்தண்டோ பூவை விட்டு விலகி, பக்கவாட்டில் நீண்டு, யாருக்கோ கை நீட்டியபடி நின்றது.

கடைசிப் பூ விரிந்தது. "போதுமுங்க, பாவம்" என்று தெய்வானை அதைத் தொடாமல் விட்டாள்.

அன்று மதியம் மலைப்பக்கமிருந்து ஒரு வண்ணத்துப்பூச்சி வந்தது. முறத்தளவு இறக்கை. வேறு எதிலும் உட்காராமல், நீட்டிய அந்தத் தண்டை உரசிவிட்டுப் போனது.

"முறமாம், முறம்" என்று நான் சொன்னதைக் கேட்டுத் தெய்வானை சிரித்தாள்.

சில நாளில் காய் பருத்தது. தெய்வானை அதை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தாள். பிறகு மலைப்பக்கம் திரும்பினாள்.

"நெசந்தானுங்க" என்றாள். "அங்கெங்கியோ இன்னொண்ணு நிக்குது."