எழுத்துக்கல்லில் இடித்த சுக்கு

"நேத்து கீழத்தெருவுல அவியல் தின்னான். இன்னைக்கு மேலத்தெருவுல பாயசம். ரெண்டு வீட்டுச் சோறும் தின்னவன் யாருக்கு நியாயம் சொல்லப் போறான்?"

பிச்சம்மாள் மோர்ப்பானையிடம்தான் சொன்னாள். மனுஷரிடம் சொல்ல அவளுக்குத் தைரியம் கிடையாது.

அவள் திட்டியது ஞானசிங்கை. பழைய கல்லெழுத்துப் படிக்கத் திருவனந்தபுரத்திலிருந்து சர்க்கார் அனுப்பிய ஆள். வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். வேறு நாளாக இருந்தால் அந்த இரண்டு வீட்டிலும் வாசலோடு நிறுத்தியிருப்பார்கள். காரியம் ஆக வேண்டியிருந்ததால் தலைவாழை இலையே விரிந்தது.

காரியம் இதுதான். தோவாளைச் சாலையில், கோயில் குளத்தங்கரையில் ஒரு பழைய கல்மண்டபம். அதைக் கட்டியது தன் பாட்டாவின் பாட்டா என்றார் கீழத்தெரு தெய்வநாயகம் பிள்ளை. இல்லை, என் பாட்டாவின் பாட்டா என்றார் மேலத்தெரு குலசேகரன் பிள்ளை. யார் பேரில் பலகை மாட்டுவது என்று சர்க்காருக்கே தலை சுற்றியது.

"மண்டபத்துத் தரையில எழுத்துக்கல்லு கெடக்கு. அது சொல்லும்" என்றார்கள் இருவரும்.

அந்தக் கல்லை நினைத்துத்தான் பிச்சம்மாளுக்குப் பயம். பன்னிரண்டு வருஷமாக அந்த மண்டபத்தில் வழிப்போக்கர்களுக்கு மோரும் சுக்குத்தண்ணியும் கொடுப்பவள் அவள். சுக்கு இடிப்பது அந்தக் கல்லில்தான். வந்த புதிதில் கல் முழுக்கப் பொடிப்பொடியாக எழுத்து இருந்தது. சுக்கு வழுக்காமல் நிற்க அது நல்ல தோது. இப்போது கல் மொழுமொழுவென்று இருந்தது.

விஷயம் தெரிந்தால், ஜென்மத்தில் ஒன்று சேராத இரண்டு தெருவும் அவளைத் துரத்துவதற்காக ஒன்று சேரும். புருஷன் போன பிறகு அவளுக்கென்று மிச்சமிருந்தது அந்த மண்டபத்து மூலை ஒன்றுதான்.

ஞானசிங் வந்தார். பின்னாலேயே பிள்ளைமார் இருவரும் ஊர்க்கூட்டமும் வந்து சேர்ந்தார்கள். கல்லைக் கழுவினார். ஈரத்தாளை விரித்து, பிரஷ்ஷால் தட்டி, மை ஒற்றி எடுத்தார். தாள் அட்டக்கரியாக வந்தது. மருந்துக்குக்கூட ஓர் எழுத்து இல்லை.

பிச்சம்மாள் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டாள். இனி மறைத்துப் பயனில்லை.

"ஏமானே, நான் ஒரு பாவி..." என்று வாயைத் திறந்தாள்.

"சும்மா இருங்கக்கா, படிக்கணும்" என்று அதட்டிவிட்டு, ஞானசிங் தாளை வெளிச்சத்தில் பிடித்து, சர்ச்சில் வேதம் வாசிக்கும் குரலில் கணீரென்று தொடங்கினார்.

"ஸ்வஸ்திஸ்ரீ! இம்மண்டபம் கட்டினவன் வம்சத்தார், இதன் கூரை ஒழுகாமல் கல் பாவக் கடவர். திருவிழா பத்து நாளும் ஊர் முழுமைக்கும் தங்கள் நெல்லில் சோறிடக் கடவர். தவறினால் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவர்!"

பிச்சம்மாள் மனசுக்குள் திட்டினாள். அடப் பாவி, இல்லாத எழுத்தை இப்படியும் படிப்பானா ஒருத்தன்!

கூட்டம் ஆனந்தமாக ஆரவாரம் செய்தது. பத்து நாள் சோறு!

"கட்டினவரு பேரு இருக்க இடம் மட்டும் தேஞ்சு போச்சு" என்று ஞானசிங் பென்சிலை எடுத்தார். "நீங்களே சொல்லுங்க. எழுதிக்கிடுதேன்."

தெய்வநாயகம் பிள்ளை தொண்டையைச் செருமினார். "யோசிச்சுப் பாத்தா... குலசேகரனோட பாட்டாவுக்குத்தான் தர்மசிந்தனை ஜாஸ்தி."

"என்ன ஓய் பேசுதீரு?" குலசேகரன் பிள்ளை துள்ளினார். "கட்டினது உம்ம பாட்டாதான். எங்க அப்பாவே சொல்லியிருக்காரு!"

"எங்க பாட்டாவா? அவரு கோழிக்கூடுகூட கட்டினதில்ல வேய்!"

"எங்க பாட்டா எச்சிக்கையால காக்கா விரட்ட மாட்டாரு! அவரா மண்டபம் கட்டுவாரு?"

நேற்று வரை பாட்டாக்களுக்கு மகுடம் சூட்டியவர்கள், இன்று போட்டி போட்டுக்கொண்டு மானத்தை வாங்கினார்கள்.

"அப்போ என்ன பேருதான் எழுத?"

"பிச்சம்மை சுக்குத்தண்ணி குடுக்காள்லா? சுக்குத்தண்ணி மண்டபம்னு எழுதும்!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். அந்த ஊரில் அவர்கள் முதல்முறையாக ஒத்துப்போனது அன்றைக்குத்தான். கையோடு ஆளுக்கொரு திசையில் நடையைக் கட்டினார்கள்.

கூட்டம் கலைந்ததும் பிச்சம்மாள் ஒரு செம்பு மோரோடு ஞானசிங் முன்னால் வந்து நின்றாள்.

"ஏமானே, எனக்காகப் பொய் சொல்லிட்டீரு. கல்லுல இருந்த எழுத்தையெல்லாம் சுக்கு இடிச்சு இடிச்சு நான்தான் அழிச்சுப் போட்டேன். சாமி குத்தம் எனக்கு. உம்மையும் வாயில வந்தபடி ஏசிட்டேன்."

ஞானசிங் மோரைக் குடித்து முடித்து மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க எங்கக்கா எழுத்தைப் பாத்தீங்க? நீங்க பாத்தது உளியால கொத்தின புள்ளி. ஓரத்துல இன்னும் நாலஞ்சு இருக்கு, பாருங்க."

"உளியா? யாரு கொத்தினது?"

"'மேல்பாதியைக் கொத்தினது எங்க அப்பா, வெளிய சொல்லாதேயும்'னு கீழத்தெருவுல அவியல் வச்சாங்க. 'கீழ்ப்பாதியைக் கொத்தினது எங்க அப்பா, வெளிய சொல்லாதேயும்'னு மேலத்தெருவுல பாயசம் ஊத்தினாங்க. ரெண்டு அப்பாவுக்கும் அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாதுக்கா. எதிர்த்தெருக்காரன் பேரா இருந்து தொலைச்சிருமோன்னு பயம்!"