ஓட மறுத்த அப்பா

"ஓட மாட்டேன் டீச்சர்."

மூன்றாவது ஞாயிறாக மதலைமுத்து இதையே சொல்லிக்கொண்டு மேடையில் நின்றார். ஒட்டுத் தாடி, தலையில் முண்டாசு. எதிரே 'மகன்' எபிநேசர், கிழிந்த பனியனோடு கட்டிக்கொள்ள ஆளில்லாமல் நின்றான்.

ஸ்ரீராம்புரம் தமிழ்ச் சபையின் ஞாயிறுப் பள்ளி ஆண்டு விழா நாடகம். வீட்டை விட்டுப் போன மகன் திரும்பி வருவதாக இயேசு சொன்ன கதை. எழுதுவது, பழக்குவது, அதட்டுவது எல்லாம் பவுலின் டீச்சர். மதலைமுத்து அடுகோடியில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறவர். அப்பா வேஷத்தைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டவர். அதுதான் வேடிக்கை.

"அண்ணா, மகன் தூரத்துல வர்றப்பவே அப்பா ஓடிப்போய்க் கட்டிக்கணும். கதையே அதுதான்!"

"இருக்கறதெல்லாம் அழிச்சுட்டு வர்றான். அவன் முன்னாடி நான் வேட்டியத் தூக்கிக்கிட்டு ஓடணுமா? எனக்கு மரியாதை இல்லியா? வந்து கால்ல விழட்டும். அப்புறம் பாக்கலாம்."

"பெத்த புள்ளகிட்ட மரியாதை பாக்கறவர் அப்பாவா?"

"ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க டீச்சர். ரெண்டடி முன்னால வர்றேன். போதும்ல?"

டீச்சருக்கு ரத்தம் கொதித்தது.

"போதாது! பரலோகத்துல இருக்கற அப்பா ரெண்டடிக் கணக்கு பாக்கறவர் இல்ல. நாம மன்னிப்பு கேட்டு முடிக்கற வரைக்கும்கூட அவருக்குப் பொறுக்காது. நீ என்ன தப்பு பண்ணேன்னு கேக்க மாட்டார். சாப்பிட்டியான்னு கேப்பார். அதனாலதான் அவரை ஜட்ஜுன்னு கூப்பிடாம அப்பான்னு கூப்பிடறோம்!"

மதலைமுத்து தலையை ஆட்டினார். "நல்லாத்தான் சொல்றீங்க. ஆனா ஓட மாட்டேன்."

ஹார்மோனியத்தில் இருந்த கோமளம் பொறுமை இழந்தாள்.

"இப்படி ஒரு கல்லுளிமங்கனை நான் பாத்ததே இல்ல. வேற ஆளைப் போடுங்க டீச்சர்."

"மாட்டேன். இவரை ஓட வெக்காம விடறதில்ல. நாடகத்துக்காக இல்ல கோமளம். இவருக்கே இது புரியணும்."

"என்னமோ போங்க. நம்ம சுனிதா இருந்திருந்தா பாட்டாவது தேறியிருக்கும்."

டீச்சரின் முகம் மாறிவிட்டது. "நீ ஹார்மோனியத்தைப் பாரு" என்று மட்டும் சொன்னார்.

சுனிதா டீச்சரின் ஒரே மகள். ரவிக்குமார் என்கிற இந்துப் பையனை ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் பண்ணிக்கொண்டு அடுகோடிக்குப் போய்விட்டாள். அதிலிருந்து டீச்சர் வீட்டில் அவள் பெயரை யாரும் எடுப்பதில்லை.

விழா நாள். சபையே திரண்டு வந்திருந்தது. முன் வரிசையில் போதகர்.

எபிநேசர் வாசல் வழியாக நுழைந்து, நாற்காலிகளுக்கு நடுவே காலை இழுத்து இழுத்து நடந்து வந்தான். ஜனங்கள் உச்சுக் கொட்டினார்கள். கோமளம் ஹார்மோனியத்தை உருக்கினாள்.

மதலைமுத்து அசையவில்லை.

திரைக்குப் பக்கத்திலிருந்து டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "ஓடுங்க அண்ணா! புள்ள வாசலுக்கு வந்துட்டான். இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?"

மதலைமுத்து வசனம் மறந்தவர் மாதிரி தாடியைத் தடவிக்கொண்டு திரையோரமாக வந்தார். டீச்சருக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

"அதையேதான் டீச்சர் நானும் கேக்கறேன். வாசலைப் பாருங்க."

டீச்சர் பார்த்தார்.

எபிநேசருக்குப் பின்னால், வாசற்படியில் சுனிதா. இடுப்பில் ஒரு குழந்தை. செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா கூடாதா என்று நின்றுகொண்டிருந்தாள்.

"நான்தான் வேன்ல கூட்டிட்டு வந்தேன். உள்ள வர பயப்படுது."

"என்னைக் கேக்காம எதுக்கு..."

"போன கிறிஸ்துமசுக்கு உங்க வீட்டுக்கு வந்து கேட்டேனே டீச்சர், பொண்ணைச் சேத்துக்குங்கன்னு. நீங்க என்ன சொன்னீங்க? 'எனக்கு மரியாதை இல்லியா? வந்து கால்ல விழட்டும். அப்புறம் பாக்கலாம்.' அந்த வசனத்தைத்தான் இத்தனை நாளா நான் பேசிட்டிருக்கேன். பதில் பூரா நீங்களே சொல்லிட்டீங்க."

டீச்சர் தன் வாயால் தொண்டை கிழியக் கத்தியதெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது.

கையிலிருந்த திரைக் கயிறு நழுவியது. மேடையிலிருந்து இறங்கினார். நடந்தார். அப்புறம் ஓடினார்.

தன்னைக் கட்டிக்கொள்ளத்தான் யாரோ ஓடி வருகிறார்கள் என்று கையை விரித்த எபிநேசர், கடைசி நொடியில் ஒதுங்கி வழிவிட்டான்.

சுனிதா காலில் விழக் குனிவதற்குள் டீச்சர் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

"சாப்பிட்டியாடி?"

இரண்டு பேருக்கும் நடுவில் நசுங்கிய குழந்தை வீலென்று அழுதது.

பாதி நாடகத்தில் திரை தானாகவே மூடிக்கொண்டது. போதகர் மேடைக்குப் பின்னால் வந்தார்.

"என்ன மதலைமுத்து, இத்தனை நாள் ஒத்திகை பார்த்தும் நீங்க கடைசி வரைக்கும் ஓடவே இல்லையே?"

மதலைமுத்து ஒட்டுத் தாடியைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்.

"நான் ஓடியிருந்தா டீச்சர் கை தட்டியிருப்பாங்க ஐயா. அவ்ளோதான்."