காலிக் கப்பல்

கணினியில் விண்வெளிப் போர் நடத்துவதில் தேவசகாயத்தை வெல்ல ஈரேழு பதினாலு லோகத்திலும் ஆளில்லை. வித்தை ஒன்றுதான். ஒரு காலிச் சரக்குக் கப்பலைத் தனியே உலவவிடுவார். கணினியின் படை மொத்தமும் மூளை கழன்றதுபோல அதைத் துரத்திக்கொண்டு போகும். இவர் சாவகாசமாகப் போய் அதன் தலைநகரைப் பிடித்துவிடுவார்.

"மக்கு மெஷினை ஏமாத்துறதுக்குப் பேரு ஜெயிப்பா?" என்றாள் மனைவி எஸ்தர். "காலிக் கப்பல் விடாம ஜெயிங்க பாப்போம். தோத்தா கம்ப்யூட்டர் என் தம்பி வீட்டுக்குப் போயிரும்."

"தோத்தா மீசையையும் சேத்து அனுப்புறேன், போ!"

அன்று நேர்மையான போர். நட்சத்திரங்கள் சோளப்பொரியாக வெடித்தன. முக்கால் அண்டம் அவர் கைக்கு வந்துவிட்டது. அப்போதுதான் எதிரியின் கப்பல் ஒன்று துணையில்லாமல் அவருடைய எல்லைக்குள் நைசாக நழுவியது. முப்பது வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்த கை, நழுவுகிற எதையும் விட்டதில்லை. மொத்தப் படையையும் அதன் பின்னால் திருப்பிவிட்டது.

"எங்கடா ஓடுற, நில்லு!"

பிடித்துப் பார்த்தால் கப்பல் காலி.

காவலற்ற அவருடைய தலைநகரை எதிரியின் படை சூழ்ந்துகொண்டிருந்தது.

"எஸ்தர், இதை இதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

தம்பிக்குப் போன் போட எழுந்தவள் திரையைப் பார்த்து அப்படியே நின்றாள். ஓரத்தில் இன்னொரு கப்பல் தனியே நழுவியது.

"கையை எடுங்க!" என்று பாய்ந்து அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள். கை அதற்குள் அந்தக் கப்பலை நோக்கி நகரத் தொடங்கியிருந்தது.