மயிலாத்தாவின் பங்கு

பெருங்காய்ச்சலுக்குப் பிறகு நெல்லிப்பாறைக் குடிக்குள் வெளியாட்கள் வருவதில்லை. ஆண்டுத் தேர்வும் ஒரு பறக்கும் பெட்டியில்தான் காட்டுக்குள் வந்திறங்கும். பிள்ளைகள் ஒவ்வொருவராக அதன் முன் அமர்ந்து வாயால் விடை சொல்ல வேண்டும். மாலை மூடுபனி இறங்குமுன் பெட்டி திரும்பிவிடும்.

அன்று மயிலாத்தாவுக்குக் காய்ச்சல். ஓடைக்கு அக்கரையில், காய்ச்சல் கண்டவர்களை ஒதுக்கி வைக்கும் தனிக்குடிசையில் படுத்திருந்தாள். இந்தத் தேர்வு தவறினால் அவள் நர்ஸ் படிப்புக்குப் போக முடியாது. பெட்டியோ, வராதவளுக்கு நேரம் ஒதுக்கவில்லை.

வால்பாறையில் திரை முன் அமர்ந்து பெட்டி வழியே தேர்வு நடத்திக்கொண்டிருந்த ரெஜினா டீச்சர் திகைத்தார். கேள்விகள் மீதம் இருக்கும்போதே பிள்ளைகள் எழுந்துகொண்டிருந்தார்கள்.

"சடையா, கடைசிக் கணக்கு தெரியாதா?"

"தெரியும் டீச்சர். தேன் எடுத்தா வராதவங்க பங்கத்தான மொதல்ல எடுத்து வைப்போம்? மிச்ச நேரம் மயிலாத்தாவுக்கு."

"மார்க்கு போயிடுமேடா!"

"போவட்டும். அவ ஊசி போடப் படிச்சு வந்தா மொதக் குத்து எனக்குத்தான்."

டீச்சர் சிலுவைக் குறியிட்டுக்கொண்டு பெட்டியை ஓடை தாண்டிப் பறக்கவிட்டார்.

மயிலாத்தா இருமிக்கொண்டே எல்லாவற்றுக்கும் விடை சொன்னாள். பனி இறங்கத் தொடங்கியிருந்தது.

"முடிஞ்சுது டீச்சர். இன்னும் நேரம் இருக்குதா?"

"கொஞ்சம் இருக்கும்மா. பாவம், உனக்காக எல்லாரும் கேள்விய விட்டாங்க; சடையன் கடைசிக் கணக்கை விட்டுட்டான்."

அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தள்ளாடியபடி வாசலுக்கு வந்து எதிர்க்கரையைப் பார்த்துக் கத்தினாள்.

"டேய் சடையா! அந்தக் கணக்கச் சொல்லுடா. சத்தமா! பெட்டிக்குக் கேக்கட்டும்!"

ஓடையின் இரைச்சலையும் மீறிச் சடையனின் விடை வந்தது. சரியான விடை.