கொம்பும் காலும்

ஐந்து பல்கலைக்கழக நூலகங்களின் பட்டியல்கள் இன்று காலை ஒரே கணினிப் பட்டியலாகின்றன. போன வாரச் சோதனையில், அவற்றில் ஒரு நூலகத்தில் இருபது வருடமாக அவள் பதிந்த தமிழ் நூல்களெல்லாம் வெறும் கேள்விக்குறிகளாக வந்து நின்றன. அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இப்போது திரையில் வட்டம் சுற்றுகிறது. தோளில் இடுக்கிய போனில் இன்னொரு நூலகத்தில் பட்டியல் பதிபவள் பரபரக்கிறாள். "வந்துடுச்சாக்கா?" வட்டம் நிற்கிறது. வெயில் விழும் திரையில் வரிவரியாக விரலை ஓட்டுகிறாள். "கொம்பு, காலு, புள்ளி?" "எல்லாம் அதது இடத்துல இருக்குடி." அந்தப் பக்கம் மூக்குறிஞ்சும் சத்தம், பிறகு சிரிப்பு. "இனிமே உங்க தப்பை இங்கேருந்தே திருத்திடுவேன், பார்த்துக்கோங்க." தன் பதிவில் யாரையும் கைவைக்க விடாதவள், நாற்காலியில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். "திருத்துடி, தாராளமா திருத்து."