ஊதா வளையம்

ஒற்றைப் பசுவை வைத்துக்கொண்டு அன்னக்காமு தினமும் பத்து லிட்டர் பால் ஊற்றியது, காமயகவுண்டன்பட்டி பால் சொசைட்டியில் பரிசோதகனான விஜயபாண்டிக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. தண்ணீர் கலக்கிறாளோ? தேனி ஆய்வகத்திலிருந்து வந்திருந்த சாம்பிள் பாட்டிலில் அவள் பாலைப் பிடித்து வைத்தான்.

இரண்டு நாள் சித்திரை வெயிலிலும் அந்தப் பால் திரியவில்லை.

வேதியியல் படித்தவனுக்குப் பொறி தட்டியது. ஃபார்மலின்! ஆல்டிஹைடுகளில் ஆகச் சிறியதின் கரைசல். பிணத்தையே கெடாமல் வைத்திருக்கும். எல்லார் முன்னாலும் பாட்டில் பாலில் கொஞ்சம் எடுத்துக் கந்தக அமிலம் விட்டான். ஊதா வளையம் பளிச்சென்று எழுந்தது.

“பச்சப்பிள்ளைக குடிக்கிற பாலுல விஷத்தக் கலக்குறியே ஆத்தா!”

“எம் மாடு மேல சத்தியம் தம்பி, எனக்கு ஒண்ணுந் தெரியாது.”

“இனிமே இங்கன பால் கொண்டாராத.”

மீதிப் பாலைத் தேனிக்கு அனுப்பினான். நான்காம் நாள் ஆய்வகத்திலிருந்து போன் வந்தது.

“அருமையான பால் சார். தண்ணிக் கலப்பே இல்ல.”

“ஃபார்மலின்?”

“அத நாங்கதான பாட்டில்ல ஊத்தி அனுப்புறோம்! பால் வழியில கெட்டுறக் கூடாதுல்ல? லேபிள்ல போட்டிருக்கே, பாக்கலையா?”

விஜயபாண்டி சைக்கிளை மிதித்துக்கொண்டு அன்னக்காமு வீட்டுக்குப் பறந்தான். தொழுவம் வெறுமையாகக் கிடந்தது.

“வாங்க தம்பி. ஊர்ல யாரும் பால் வாங்கல. காலைலதான் மாட்டக் கேரளா யாவாரி ஓட்டிட்டுப் போனாக” என்றவள், அவன் முகத்தையே பார்த்தாள். “எதத் தின்னு அது பால் விஷமாச்சுன்னு தெரிஞ்சிச்சா?”