பிழை பொறுக்காத சிலெங்கா

லுசாக்கா பறவை நேசர்களின் இணையக் குழு, பன்னிரண்டு வருடங்களில் முதன்முறையாக நேரில் கூடியது. முட்டிண்டாவின் கண்கள் சிலெங்காவைத் தேடின. குழுவின் நிர்வாகியாக இருந்து, எழுத்துப்பிழை என்று அவள் பதிவுகளை ஓயாமல் திருப்பி அனுப்பியவர். அந்தக் கோபத்தில் அவள் குழுவை விட்டே விலகியிருந்தாள்; பழைய உறுப்பினர்களையும் அழைத்ததால் இன்று வந்திருந்தாள். இப்போது நினைத்தால் சிரிப்பு வந்தது. அந்த நாட்களுக்காக மனசு ஏங்கவும் செய்தது.

மரத்தடியில் அமர்ந்திருந்தவரை யாரோ காட்டினார்கள்.

“ஏன் அண்ணே, ஒரு எழுத்து விட்டுப்போனா குடியா முழுகிடும்? என்ன பாடு படுத்துனீங்க!”

“முட்டிண்டாவா! உன் குரலை இப்பத்தான் கேக்குறேன்.”

சிலெங்கா சிரித்தபடி நீட்டிய கை, அவளுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

“எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லம்மா. கம்ப்யூட்டர்தான் வாசிச்சுச் சொல்லும். பிழையிருந்தா அது உளறும். நீ எழுதுற பறவைங்கள்ல ஒண்ணையும் தவறவிட மனசு வரல.”

முட்டிண்டா எட்டி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.